தலைக்கணக்கு சட்டமாகும்போது

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மக்கள்தொகைக் கணக்கும் சுற்றுச்சூழல் நீதிச் சட்டமும். ஓர் ஆலை எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது? இதை முடிவு செய்யும்போது அந்த இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்ற கணக்கைச் சட்டம் பார்க்க வேண்டுமா? பார்க்க வேண்டும் என்றால், பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும்? அந்தக் கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணிக்கை எடுப்பதோடு வேலை முடிவதில்லை. இந்த எண் வந்தால் அரசு இதைச் செய்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். அப்படி எழுதாதவரை எவ்வளவு நேர்த்தியான புள்ளிவிவரமும் அலமாரியில்தான் கிடக்கும். இதை நாற்பது ஆண்டுகள் போராடிக் கற்றுக்கொண்டவர்கள் அமெரிக்காவின் கறுப்பினக் குடியிருப்புகளிலும் ஏழைக் குடியிருப்புகளிலும் வாழும் மக்கள். அவர்களுடைய கதையைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

1979ஆம் ஆண்டு. டெக்சாஸ் மாநிலம், ஹூஸ்டன் நகரம். நார்த்வுட் மேனர் என்ற குடியிருப்பு. சொந்த வீடு வாங்கிக் குடியேறிய நடுத்தரக் கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது. அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு வெகு அருகில் குப்பைக்கிடங்கு அமைக்க அனுமதி கொடுத்தார்கள். மக்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்காக வழக்காடியவர் லிண்டா மெக்கீவர் புல்லார்ட். அவருடைய கணவர் ராபர்ட் புல்லார்ட் டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். இந்த ஊர்க் குப்பையெல்லாம் இத்தனை காலமாக எங்கே போய் விழுகிறது என்று கணக்கெடுத்துக் கொடுங்கள் என்று மனைவி கேட்டார். கணவர் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு இறங்கினார்.

கணக்கு என்ன சொன்னது? ஹூஸ்டன் மக்களில் கறுப்பினத்தவர் நான்கில் ஒரு பங்கு. ஆனால் மாநகராட்சிக்குச் சொந்தமான 5 குப்பைக்கிடங்குகளில் 5ம் கறுப்பினக் குடியிருப்புகளில். மாநகராட்சியின் 8 குப்பை எரியூட்டிகளில் 6 கறுப்பினக் குடியிருப்புகளில். தனியார் கிடங்குகள் 4இல் 3 கறுப்பினக் குடியிருப்புகளில். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

நீதிமன்றம் வேறொரு சான்று கேட்டது. நீதிபதி காப்ரியேல் மெக்டொனால்ட் அவரே ஒரு கறுப்பினப் பெண்மணி. பிற்காலத்தில் யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்துக்குத் தலைவராக இருந்தவர். அனுமதி தரும் இடத்தில் தாம் இருந்திருந்தால் மறுத்திருக்கக்கூடும், பள்ளிக்கு அருகே குப்பைக்கிடங்கு வைப்பதில் அர்த்தமே இல்லை என்ற பொருள்பட அவரே எழுதினார். எழுதிவிட்டுத் தடையாணை கொடுக்க மறுத்தார். ஏன்? அங்கே வாழ்பவர்கள் கறுப்பினத்தவர் என்பதற்காகவே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற உள்நோக்கத்தை மெய்ப்பிக்கவில்லை என்பதால். மனத்தில் இருந்தது என்ன என்று நிரூபிக்கச் சொன்னது சட்டம். மண்ணில் இருப்பது என்ன என்று காட்டினார்கள் மக்கள். தோற்றார்கள்.

மூன்று ஆண்டு கழித்து வட கரோலினா மாநிலம், வாரன் மாவட்டம். 1978இல் பிசிபி என்ற நச்சுப்பொருள் கலந்த எண்ணெயைச் சாலையோரம் முழுக்கக் கள்ளத்தனமாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். 14 மாவட்டங்களில், ஏறத்தாழ 240 மைல் நீளத்துக்கு. அந்த நச்சு மண்ணை வாரிப் புதைக்க அரசு தேர்ந்தெடுத்த இடம், கறுப்பின ஏழை மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த வாரன் மாவட்டம். 1982 செப்டம்பரில் லாரிகள் வந்தன. மக்கள் சாலையில் படுத்தார்கள். சில வாரங்களில் 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கைதானவர்களில் ஒருவர் வால்டர் ஃபான்ட்ராய், தலைநகர் வாஷிங்டனின் மக்கள் பிரதிநிதி. நாடாளுமன்றத்துக்குத் திரும்பியதும் அவர் ஒரு கேள்வியைத் தணிக்கை அலுவலகத்தின் முன் வைத்தார்: தென்கிழக்கு மாநிலங்களில் இப்படிப்பட்ட நச்சுக் கிடங்குகள் எத்தனை, அவற்றைச் சுற்றி இருப்பவர்கள் யார்? 1983இல் பதில் வந்தது. பெரிய கிடங்குகள் 4. அவற்றில் 3, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில்.

1987இல் ஐக்கிய கிறிஸ்து சபையின் இனநீதி ஆணையம் நாடு முழுவதையும் அளந்தது. அஞ்சல் குறியீட்டுப் பகுதிவாரியாக மக்கள்தொகைக் கணக்கையும் நச்சுக்கழிவு ஆலைகளின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வருமானத்தைவிட, வீட்டின் விலையைவிட, இனம்தான் ஆலை இருக்கும் இடத்தோடு நெருக்கமாகப் பொருந்தியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த சண்டை எண்ணைப் பற்றியது அல்ல, எண்ணும் எல்லையைப் பற்றியது. 1990களில் வேறு ஆய்வாளர்கள் வந்தார்கள். அஞ்சல் பகுதி மிகப் பெரியது, கணக்கெடுப்பு வட்டம் என்ற சிறிய எல்லையை எடுப்போம் என்றார்கள். எடுத்தபோது இன வேறுபாடு காணாமல் போய்விட்டது! அப்படியானால் முதல் ஆய்வு பொய்யா? இல்லை. ஆலை இருக்கும் வட்டத்தை மட்டும் பார்த்தார்கள் அவர்கள். ஆலைகள் பெரும்பாலும் வட்டத்தின் ஓரத்தில், சாலையோரத்தில், ரயில் பாதையோரத்தில் இருக்கும். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆலை, அந்தப் பக்கம் குடிசை. புகைக்கு எல்லைக்கோடு தெரியாது, ஆய்வுக்குத் தெரிந்தது. 2007இல் புல்லார்டும் அவருடைய தோழர்களும் எல்லைக்கோட்டை விட்டுவிட்டுத் தூரத்தை எடுத்தார்கள். வணிக நச்சுக்கழிவு ஆலையிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் யார் இருக்கிறார்கள்? வெள்ளையர் அல்லாதார் 56 விழுக்காடு. ஆலை இல்லாத மற்ற இடங்களில்? 30 விழுக்காடு.

அதே நாடு. அதே ஆலைகள். அதே மக்கள். எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து அநீதி தெரியவும் செய்கிறது, மறையவும் செய்கிறது. அதனால்தான் சொல்கிறேன், சட்டம் எழுதுகிறவர்கள் எல்லையை அதிகாரியின் விருப்பத்துக்கு விடக்கூடாது. எந்த அளவிலான பகுதியை எண்ண வேண்டும் என்பது சட்டத்தின் உடலிலேயே இருக்க வேண்டும்.

அரசு என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1994 பிப்ரவரியில் அதிபர் கிளின்டன் ஓர் ஆணை பிறப்பித்தார். சிறுபான்மையினர் மீதும் ஏழைகள் மீதும் அளவுக்கு மீறிய பாதிப்பு விழுகிறதா என்று எல்லாத் துறைகளும் கவனிக்க வேண்டும் என்றது அது. நல்ல ஆணை. ஆனால் அதன் இறுதியில், இந்த ஆணையை வைத்து யாரும் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்றும் இருந்தது. கவனிக்கச் சொன்னார்கள், கவனித்தார்கள். கவனித்த பிறகு அனுமதியும் கொடுத்தார்கள்.

இப்போது உங்களை நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரத்துக்கு அழைத்துப் போகிறேன். ஆற்றோரத்தில் வாட்டர்ஃப்ரன்ட் சவுத் என்று ஒரு சிறு பகுதி. மொத்த மக்கள் 2,132 பேர். அதில் 41 விழுக்காட்டினர் குழந்தைகள். 91 விழுக்காட்டினர் கறுப்பினத்தவரும் ஸ்பானிய வழியினரும். இந்தச் சின்ன இடத்துக்குள் மாவட்டத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், குப்பை எரியூட்டி, மின் நிலையம், பழைய நச்சு நிலங்கள். இத்தனையும் போதாதென்று சிமென்டுக்கு உலைக்கசடு அரைக்கும் ஆலை ஒன்று. அனுமதி கொடுத்த மாநிலச் சுற்றுச்சூழல் துறை சொன்ன நியாயம் என்ன தெரியுமா? இந்த ஆலையின் தூசி, காற்றுத்தர வரம்புக்குள் இருக்கிறது என்பது. இந்த ஆலையின் தூசி வரம்புக்குள். அந்த எரியூட்டியின் புகை வரம்புக்குள். அடுத்த நிலையத்தின் நாற்றம் வரம்புக்குள். ஒவ்வொன்றும் வரம்புக்குள்தான். அத்தனையையும் சேர்த்து மூச்சிழுக்கும் குழந்தைக்கு வரம்பு எங்கே?

2001 ஏப்ரல் 19. மாவட்ட நீதிபதி ஸ்டீபன் ஆர்லோஃப்ஸ்கி மக்கள் பக்கம் தீர்ப்பளித்தார். காற்றுத்தர வரம்பை மட்டும் பார்த்தது போதாது, அங்கே வாழ்பவர்கள் யார், அவர்கள் மேல் ஏற்கெனவே எவ்வளவு சுமை இருக்கிறது என்றும் பார்த்திருக்க வேண்டும் என்றார். ஆலைக்குத் தடை. மக்கள் கொண்டாடினார்கள். ஐந்தே நாள்! ஏப்ரல் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அலபாமா மாநிலத்தின் ஓட்டுநர் உரிமத் தேர்வு பற்றிய வேறொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. விளைவில் பாகுபாடு இருக்கிறது என்று காட்டித் தனிநபர் கூட்டாட்சி அரசின் பாகுபாட்டுத் தடை விதிகளின் கீழ் வழக்குத் தொடர முடியாது என்றது. கேம்டன் மக்கள் பற்றிக்கொண்டிருந்த கிளை முறிந்தது. ஆண்டு முடிவதற்குள் மேல்முறையீட்டு மன்றம் தடையை நீக்கிவிட்டது.

எண் இருந்தது. ஆய்வு இருந்தது. நல்ல நீதிபதியும் இருந்தார். இல்லாதது ஒன்றுதான்: அந்த எண்ணைக் கண்டால் அனுமதியை மறுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டம்.

அந்தச் சட்டம் வர மேலும் 19 ஆண்டுகள் ஆயின. வந்தது, அதே நியூஜெர்சியில். 2020 செப்டம்பர் 18 அன்று ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்டார். அதன் அமைப்பை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த உரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மாநிலம் முழுவதையும் அது 600 முதல் 3,000 பேர் வரை வாழும் சிறு கணக்கெடுப்புத் தொகுதிகளாக எடுத்துக்கொள்கிறது. ஒரு தொகுதியில் 35 விழுக்காட்டுக் குடும்பங்கள் குறைந்த வருமானத்தில் இருக்கின்றனவா? அல்லது 40 விழுக்காட்டு மக்கள் சிறுபான்மையினரா? அல்லது 40 விழுக்காட்டுக் குடும்பங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராதா? மூன்றில் ஒன்று பொருந்தினாலே போதும், அது சுமை மிகுந்த பகுதி. யாரும் மனுப்போட வேண்டாம், யாருடைய உள்நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டாம். கணக்கெடுப்பே அந்தப் பகுதிக்காகப் பேசுகிறது.

அங்கே எரியூட்டியோ குப்பைக்கிடங்கோ பெரிய கழிவுநீர் நிலையமோ பழைய இரும்பு உடைக்கும் ஆலையோ வைக்க வருபவர் தாக்க அறிக்கை தர வேண்டும், அந்த மக்கள் முன்னால் வந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியின் சுமையை எதோடு ஒப்பிடுவது? விதிகள் 2023இல் வந்தபோது, சுமை மிகுந்த மற்ற பகுதிகளை நீக்கிவிட்டு ஒப்பிட வேண்டும் என்று வைத்தார்கள். ஏழையை இன்னோர் ஏழையோடு ஒப்பிட்டு, இவனுக்கும் அதே கஷ்டம்தானே என்று சொல்லித் தப்பிக்கும் வழியை அடைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்து, புதிய ஆலையால் பாதிப்பு அளவுக்கு மீறும் என்று தெரிந்தால் துறை அனுமதியை மறுக்க வேண்டும். மறுக்கலாம் அல்ல, மறுக்க வேண்டும்! அந்தப் பகுதி மக்களுக்கே இன்றியமையாத பொதுத்தேவை இருந்தால் மட்டும் விலக்கு.

இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. மக்கள்தொகை பூஜ்யம் என்று கணக்கில் வரும் தொகுதிகள் உண்டு. துறைமுகம், கிடங்கு, தொழிற்பேட்டை. ஆலை அங்கே வந்தால் யாரும் பாதிக்கப்படவில்லை என்று கணக்குச் சொல்லும். ஆனால் சாலையைத் தாண்டினால் குடியிருப்பு. விதிகள் அந்தப் பூஜ்யத் தொகுதியையும் பக்கத்துக் குடியிருப்போடு சேர்த்துவிட்டன. ஆளில்லாத இடம் என்ற சாக்கைக் காலங்காலமாகக் கேட்டு நொந்த மக்கள் கூட இருந்து எழுதவைத்த விதி இது என்றே நான் நினைக்கிறேன்.

கலிபோர்னியா வேறு வழியில் போனது. அது ஆலையை மறுப்பதைவிடப் பணத்தைத் திருப்பியது. கரிம உமிழ்வு உரிமங்களை ஏலம் விட்டு வரும் பணத்தில் 25 விழுக்காடு பின்தங்கிய பகுதிகளுக்குப் பயன்பட வேண்டும் என்று 2012இல் சட்டம். எந்தப் பகுதி என்று காட்ட 2013இல் ஒரு மதிப்பெண் வரைபடம். மாசின் அளவையும் மக்களின் நிலையையும் அது பெருக்குகிறது, கூட்டுவதில்லை. ஆஸ்துமாவும் வறுமையும் இருக்கும் உடலில் அதே புகை கூடுதலாகச் சுடும் என்பதால். ஆனால் இனத்தை அது ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளவில்லை. முதல் பதிப்பில் இருந்ததை அதே ஆண்டில் எடுத்துவிட்டார்கள். நான் நியூஜெர்சியின் பக்கம். எந்த வேறுபாட்டால் காயம் நடந்ததோ, அந்த வேறுபாட்டின் பெயரைச் சொல்லாமல் காயத்தை முழுதாக ஆற்ற முடியாது.

கணக்கை இவ்வளவு நம்பலாமா என்று உங்களில் சிலர் கேட்க நினைப்பீர்கள். சரியான கேள்வி. 2020ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பை, அதை நடத்திய அலுவலகமே பின்னர் சோதித்தது. கறுப்பினத்தவரில் 3.30 விழுக்காடு விடுபட்டிருந்தார்கள். ஸ்பானிய வழியினரில் 4.99 விழுக்காடு. ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழும் பூர்வகுடிகளில் 5.64 விழுக்காடு. ஸ்பானிய வழியினர் அல்லாத வெள்ளையர்களோ 1.64 விழுக்காடு கூடுதலாகவே எண்ணப்பட்டிருந்தார்கள். பார்த்தீர்களா! புகை அதிகம் விழும் இடத்தில்தான் எண்ணிக்கையும் குறைகிறது. வாடகைக்கு மாறி மாறிக் குடியேறுபவர், ஒரே வீட்டில் மூன்று குடும்பமாக இருப்பவர், அதிகாரி கதவைத் தட்டினால் பயப்படுபவர், இவர்கள்தான் விடுபடுகிறார்கள். வருமானமும் மொழியும் முழுக் கணக்கெடுப்பில் கிடைப்பதில்லை, ஐந்தாண்டு மாதிரி ஆய்விலிருந்து வருகின்றன. சிறிய தொகுதியில் அந்த மதிப்பீடு ஒன்றிரண்டு விழுக்காட்டுக்கு மேலேயே ஆடும். நியூஜெர்சியின் வருமான வரம்பில் 34 விழுக்காடு என்று வந்தால் பாதுகாப்பு இல்லை, 35 என்று வந்தால் உண்டு. அதனால் வரம்பைத் தாராளமாக வைக்க வேண்டும், அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், விடுபட்டவர்கள் தாங்களே முறையிட வழி வைக்க வேண்டும். குறை இருக்கிறது என்பதற்காகக் கணக்கையே தூக்கி எறிந்தால் யாருக்கு லாபம்? ஹூஸ்டனில் குப்பை கொட்டியவர்களுக்கு.

2025 ஜனவரியில் என்ன நடந்தது என்று நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கிளின்டனின் 1994 ஆணையைப் புதிதாகப் பதவியேற்ற அதிபர் ரத்து செய்தார். எந்த ஊரில் எவ்வளவு மாசு, அங்கே யார் வாழ்கிறார்கள் என்று காட்டிய கூட்டாட்சி அரசின் வரைபடத் தளமும் பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் முன்பே தரவைப் பிரதி எடுத்து வைத்திருந்ததால் மறுபடி வெளியிட முடிந்தது. ஏறத்தாழ 31 ஆண்டு இருந்த ஆணை ஒரு கையெழுத்தில் போயிற்று. நியூஜெர்சிச் சட்டம் போகவில்லை. சட்டமன்றம் நிறைவேற்றியதை அதிபரின் பேனா தொட முடியாது.

நண்பர்களே, இந்தக் கதையை உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் இந்தியாவில் 2011க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எதுவும் முடியவில்லை. அடுத்ததற்குக் குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1. 1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளும் அதில் எண்ணப்பட இருக்கின்றன. இட ஒதுக்கீட்டுக்காக, தொகுதி வரையறைக்காக இந்த எண்களை எதிர்நோக்கி இருப்பவர்கள் பலர். ஆலைப் புகைக்காக எதிர்நோக்குபவர்கள் யார்?

வடசென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70க்கு மேல் போனால் மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி. மணலிக்கு 76.32. நிலம், நீர், காற்று எல்லாம் அதில் உண்டு. அங்கே வாழ்பவர்கள் எந்தச் சாதி, என்ன வருமானம் என்பது இல்லை. 2011 கணக்கெடுப்பு நடந்தபோது மணலி, திருவொற்றியூர், கத்திவாக்கம் மூன்றும் தனித்தனி நகராட்சிகள். அதே ஆண்டு பிற்பகுதியில் அவை சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன, வார்டு எல்லைகள் மாறின. இன்று எண்ணூரின் ஒரு வார்டில் யார் வாழ்கிறார்கள் என்று பழைய கணக்கிலிருந்து நேராக எடுக்க வழியில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது எண்ணூரின் பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் குழாய்க்கு அருகே இருப்பவர்கள் மீனவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சட்டத்துக்கு மட்டும் அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

நம்முடைய 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, திட்டங்களை வகையாலும் கொள்ளளவாலும் பிரிக்கிறது. சுற்றியுள்ள மக்களின் விவரம் அறிக்கையில் ஓர் அத்தியாயமாக வரும். பெரும்பாலும் 10 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருப்பவர்களைச் சேர்த்து எடுத்த கணக்கு அது. 10 கிலோமீட்டரைச் சேர்த்தால் வேலியோரக் குப்பம் எங்கே தெரியும்? அமெரிக்க ஆய்வாளர்களின் எல்லைச் சண்டையை நினைத்துப் பாருங்கள். அறிக்கையின் சுருக்கம் மட்டும் தமிழில் கிடைக்கும், முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். அந்த மக்கள் கணக்கில் எண் இவ்வளவுக்கு மேல் போனால் அனுமதி மறுக்கப்பட வேண்டும் என்று ஒரு வரிகூட அந்த அறிவிக்கையில் கிடையாது.

அந்த ஒரு வரியை எழுதுவதுதான் இப்போது நம் வேலை. 2027 கணக்கின் எண்களை வார்டுக்கும் கீழே, குப்பம் அளவில், தனி மனிதர் யார் என்று அடையாளம் தெரியாதபடி வெளியிடக் கேட்க வேண்டும். ஏற்கெனவே சுமக்கும் பகுதியில் புதிய மாசு ஆலைக்கு அனுமதி மறுக்கப்பட வேண்டும் என்ற பிரிவைச் சட்டமாகவே கேட்க வேண்டும், அறிவிக்கையாக அல்ல. வரம்பு எத்தனை விழுக்காடு என்பதை எண்கள் வெளிவரும் முன்பே எழுதிவிட வேண்டும். எண் வந்த பிறகு வரம்பு வைக்க உட்கார்ந்தால், ஒவ்வோர் ஆலையின் வழக்கறிஞரும் தம் கட்சிக்காரரின் பகுதி கோட்டுக்குக் கீழே விழும்படி வாதாடுவார். இந்த அரங்கில் சட்டம் படிப்பவர்கள் இருக்கிறீர்கள், புள்ளியியல் படிப்பவர்கள் இருக்கிறீர்கள், எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறீர்கள். அந்தப் பிரிவின் முதல் வரைவை நாம் சேர்ந்து எழுதுவோம். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகே காத்திருப்பேன், வாருங்கள்.